ஐந்தடி விறாந்தை

போன மாரியில் ஒரு பின்னேரம், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, நாங்கள் நாலு பேர் மழைக்கு ஓடிப்போய் ஒரு கடையின் முன்பக்கத்தில் ஏறி நின்றோம். பிளாஸ்ரிக் சாமான் கடை. வாளி, கதிரை, தும்புத்தடி எல்லாம் நடைபாதையை நிரப்பிக்கொண்டு நின்றன. கால் வைக்க ஒரு சாண் இடம்தான். "வாளியளைத் தட்டிப் போடாதேங்கோ பிள்ளையள்" என்றார் முதலாளி. எங்களில் ஒருத்திக்கு வாய் சும்மா இராது. "அண்ணை, இது சனம் நடக்கிற இடமல்லோ?" என்று கேட்டாள். அவர் கோபிக்கவில்லை. "நடக்கிற இடந்தான் தங்கச்சி. ஆனா நீங்கள் நனையாமல் நிக்கிற கூரை என்ர."

மழை விட்டது, தேத்தண்ணி குடித்தோம், கதை மட்டும் விடவில்லை. நிலம் மாநகர சபையினது, கூரை அவருடையது. அப்ப இடையில இருக்கிற இடம் ஆருடையது? எங்களில் இன்னொருவன் வழமைபோல, "சிங்கப்பூரில உப்பிடிச் செய்ய விடமாட்டாங்கள்" என்றான். எங்கட நாட்டில் இது முற்றுப்புள்ளி மாதிரி. சிங்கப்பூர் என்று சொன்னால் கதை முடிந்துவிடும். தேர்தல் மேடையிலும் அதுதான், தேத்தண்ணிக் கடையிலும் அதுதான். வரலாறு படிக்கிறோம் என்ற திமிரில் போய்த் தேடிப் பார்த்தோம். பார்த்தால், பிளாஸ்ரிக் கடை அண்ணையின் வழக்கு சிங்கப்பூரில் இருநூறு வருசமாக நடந்துகொண்டிருக்கிறது. ஒருமுறை அதற்காக நகரமே கடையைப் பூட்டிவிட்டுத் தெருவுக்கு இறங்கியிருக்கிறது.

ஸ்ரம்போர்ட் றஃபிள்ஸ் 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக சிங்கப்பூரில் கொடி நாட்டிவிட்டுப் போனவர். 1822 ஒக்ரோபரில் திரும்பி வந்து பார்த்தபோது நகரம் கண்டபடி வளர்ந்து கிடந்தது. அடுத்த மாதமே ஒரு நகரக் குழுவை அமைத்து, அதற்கு நீண்டதொரு அறிவுறுத்தலையும் எழுதிக் கொடுத்தார். ஐரோப்பியர் இங்கே, சீனர் ஆற்றுக்குத் தெற்கே, 'சூலியா' என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் ஆற்றோரம் இன்னும் மேலே என்று இனத்துக்கொரு மூலை பிரித்த திட்டம் அது. லெப்டினன் பிலிப் ஜக்சன் வரைந்த வரைபடம் இப்போதும் எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. எல்லாரும் அந்த இனப் பிரிப்பைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், எழுதவும் வேண்டும். எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வாசகம். வீடுகள் செங்கல்லும் ஓடுமாகக் கட்டப்பட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் குறித்த அகலத்தில் ஒரு விறாந்தை இருக்க வேண்டும், அது எந்த நேரமும் திறந்திருக்க வேண்டும், வீதியின் இரண்டு பக்கமும் ஒரு விறாந்தை அடுத்ததோடு சேர்ந்து கூரை போட்ட ஒரே நடைபாதையாக ஓட வேண்டும் என்பது அதன் சாரம்.

(செங்கல் என்றவுடன் நாராயண பிள்ளையைச் சொல்லாமல் போக முடியாது. பினாங்கிலிருந்து 1819இல் றஃபிள்ஸோடு வந்து, சிங்கப்பூரில் செங்கல் சூளை போட்ட தமிழர் அவர். அவருடைய புடைவைக்கடை 1822இல் தீயில் எரிந்து போனது. செங்கல்லும் ஓடும் என்ற விதி ஏன் வந்தது என்று அவருக்கு விளக்கத் தேவைப்பட்டிராது.)

யோசனை றஃபிள்ஸின் மூளையில் முளைத்ததல்ல. இத்தாலியின் பொலோஞா நகரம் 1288இலேயே புது வீடெல்லாம் தெருப்பக்கம் தூண் வைத்த கூடத்தோடு கட்டப்பட வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஸ்பானியர் 1573இல் தங்கள் குடியேற்ற நகரங்களுக்கு எழுதிய சட்டத்திலும், சதுக்கத்தைச் சுற்றி வணிகருக்கு வசதியாகத் தூண்கூடங்கள் அமைக்கச் சொல்லியிருந்தார்கள். றஃபிள்ஸ் 1811 முதல் சில வருசம் ஜாவாவை ஆண்டவர். ஒல்லாந்தரின் பத்தாவியாவில் கண்டதைத்தான் கொண்டுவந்திருப்பார் என்பது பலரின் ஊகம். எங்களுக்கும் இதில் கொஞ்சம் பங்குண்டு. 'விறாந்தை' என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போனார்கள். மலையக லயத்தில் காம்பராவுக்கு முன்னால் இருக்கும் 'இஸ்தோப்பு', ஒல்லாந்தரின் 'ஸ்தூப்'. எங்கட சொந்தத் திண்ணை ஒருபக்கம் இருக்க, ஆள வந்தவன் ஒவ்வொருவனும் வீட்டின் முகத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இனி விசயத்துக்கு வருவம். அந்த விதிக்குள் ஒரு பேரம் ஒளிந்திருந்தது. விறாந்தை நிலம் வீட்டுக்காரனின் உறுதியில்தான் இருந்தது. அதன் மேலே அவன் மாடி கட்டிக்கொள்ளலாம், ஆகவே மேல்மாடியில் அவனுக்கு நட்டமில்லை. கீழே மட்டும் ஊர்ச்சனம் நடந்துபோக விட வேண்டும். சொந்தம் அவனுக்கு, வழி ஊருக்கு. இந்த ஒழுங்கையை மலாய் மொழியில் 'காக்கி லீமா' என்றார்கள், அதாவது ஐந்தடி. அளவு நகரமெங்கும் ஒரேமாதிரி இருக்கவில்லை, ஆனால் ஐந்தடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பினாங்கு, கோலாலம்பூர், பிறகு தென்சீனத்துக் குவாங்சோ வரைக்கும் இந்தத் தெருமுகம் பரவியது. இந்தோனேசியாவில் இன்று 'காக்கி லீமா' என்றால் நடைபாதை வியாபாரி. வழியின் பெயர் வழியை மறித்தவனுக்குப் போய்ச் சேர்ந்த அந்தக் கதையை நினைத்து நாங்கள் ஒருநாள் முழுக்கச் சிரித்தோம்.

ஏனென்றால் மறிப்பது உடனேயே தொடங்கிவிட்டது. கடைவீடு என்பது ஒடுங்கிய முகமும் நீண்ட உடம்புமான கட்டடம். வெளிச்சம் முன்னால்தான் இருக்கும், வாங்க வருகிறவனும் முன்னால்தான் வருவான். அரிசி மூட்டை, கருவாட்டுக் கூடை, தச்சனின் பலகை எல்லாம் வெளியே வந்தன. கடைக்காரர் தங்கள் விறாந்தையைச் சில்லறை வியாபாரிகளுக்கு வாடகைக்கும் விட்டார்கள். தூணடியில் முடிவெட்டுகிறவர், கடிதம் எழுதிக் கொடுக்கிறவர், கச்சான் கடலை விற்கிறவர், கிளி வைத்துச் சாத்திரம் சொல்லுகிறவர் என்று ஒவ்வொருவரும் இடம் பிடித்தார்கள். கடைசி இரண்டு தொழிலிலும் எங்கட ஆட்கள்தான் முன்னுக்கு நின்றார்கள்.

மார்க்கெட் வீதியில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கல்முனைப் பக்கத்தார் கிட்டங்கி என்றவுடன் பாலத்தை நினைப்பார்கள், இது வேறு. நீளமான ஒரு கூடம். அதற்குள் பல வட்டிக்கடைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாய், ஒரு சின்ன மரப்பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பின்னால் நிலத்தில் சம்மணமிட்டு இருந்துகொண்டு துறைமுகத்துக்கும் தோட்டங்களுக்கும் கடன் கொடுத்தார்கள். இரவில் அதே நிலத்தில் படுத்தார்கள். விறாந்தையால் போகிறவன் உள்ளே நடக்கும் கணக்கை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். கொழும்புச் செட்டியார் தெருவின் பழைய கதை கேட்டவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இராது. வங்கி என்றால் கண்ணாடிக் கதவும் குளிரும் என்று பழகிய எங்களுக்குத்தான், தெருவோடு சேர்ந்திருந்த வங்கி ஆச்சரியமாகத் தெரிகிறது.

மாநகர சபைக்கு இதெல்லாம் தலையிடி. 1872இலேயே விறாந்தையிலிருந்து வியாபாரிகளைக் கிளப்பப்போய் ஒரு கலகம் வந்திருந்தது. பிறகு 1887இல் புதிய மாநகர சபைக் கட்டளைச் சட்டம் வந்து, விறாந்தைகளைத் துப்புரவாக்கும் அதிகாரத்தை உறுதியாக்கியது. சபையின் தலைவர் டொக்ரர் தோமஸ் இர்வின் றோவெல். அதற்கு முதல் அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர். வைத்தியர் ஒருவரின் கண்ணுக்குத் தெரு இரத்தக்குழாய் போலவும், அதில் கிடக்கும் மூட்டை அடைப்புப் போலவும் தெரிந்திருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம். எங்கட கற்பனைதான்.

1888 பெப்ரவரி 21 அளவில் ஆட்கள் இறங்கி விறாந்தைகளைத் துப்புரவாக்கத் தொடங்கினார்கள். சீனக் கடைக்காரர் கதவைச் சாத்தினார்கள். எங்கட மொழியில் சொன்னால் ஹர்த்தால். ட்ராம் வண்டிகளுக்கும் ஐரோப்பியரின் குதிரை வண்டிகளுக்கும் கல்லெறி விழுந்தது. மூன்று நாள் நகரம் ஸ்தம்பித்தது. அதிகாரிகள் இதற்குள் இரகசியச் சங்கங்களின் கையைக் கண்டார்கள். கடைக்காரர் கண்டது வேறு. உறுதி தங்களுடையது, மேலே இருக்கும் மாடி தங்களுடையது, அப்பன் காலத்திலிருந்து அங்கே மூட்டை அடுக்குகிறோம், இன்று ஆரோ வந்து காலால் தள்ளுகிறான். "கூரை என்ர" என்று எங்களுக்குச் சொல்லப்பட்ட அதே வாதம்.

முடிவு வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. ஆள் நடந்துபோக இடம் விட்டால் மிச்சத்தைப் பெரிதாக எடுப்பதில்லை என்ற மாதிரி ஒரு சமரசம். சட்டப் புத்தகத்தில் விதி அப்படியே இருந்தது, தெருவில் வேறொன்று நடந்தது. இதை வரலாற்று மாணவர் சிலர் 'மக்களின் எதிர்ப்பு' என்று ஒரே சொல்லில் கொண்டாடுவார்கள். எங்களுக்கு அவ்வளவு இலகுவாக வாய் வரவில்லை. விறாந்தை அடைபட்டால் வெயிலிலும் மழையிலும் நடுவீதியில் இறங்கி நடக்க வேண்டி வந்தது கூலியாட்களுக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான். அதேநேரம், அவர்களுக்காகக் கதைத்த கொமிஷனர்மார் பெரும்பாலும் வண்டியில் போனவர்கள். நடக்கிறவனையும் விற்கிறவனையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு வண்டிக்காரன் நடுவர் வேலை பார்த்தான். அந்த நடைபாதை வியாபாரி பின்னேரம் கடையைக் கட்டிவிட்டு அதே வழியால் நடந்துதானே வீட்டுக்குப் போயிருப்பான்?

1907இல் டபிள்யூ. ஜே. சிம்சன் என்ற சுகாதார நிபுணர் சிங்கப்பூரைப் பற்றி அறிக்கை எழுதியபோது பார்வை முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் போனது. கடைவீடுகளுக்குள் பலகை அடித்துப் பிரித்த இருட்டறைகள், அதற்குள் காசநோய். பின்னால் ஒழுங்கை வெட்டுங்கள் என்றார் அவர். பிறகு வந்த தசாப்தங்களில் அது நடந்தது.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்தது. 1966இல் காணி சுவீகரிப்புச் சட்டம். பிறகு நடந்தது உலகமறிந்த கதை, அடுக்குமாடிகள். நாங்கள் பார்க்க விரும்பியது அந்த மாடிகளின் கீழ்த்தளத்தை மட்டும். தொடக்கத்தில் பல புளொக்குகளில் கீழ்த்தளத்தில் கடையும் வீடும் இருந்தன. 1970களில் கீழ்த்தளத்தை ஒன்றுமில்லாமல் விடுவது வழமையானது. தூண்கள், சீமெந்து நிலம், காற்று. றஃபிள்ஸ் ஐந்தடிதான் கேட்டார், இவர்கள் முழுத் தளத்தையும் வெறுமையாக்கிவிட்டார்கள். ஒருபக்கம் அதைப் பழைய விறாந்தையின் பெருங்கனவு என்று சொல்லலாம். மலாய்க்காரரின் கல்யாணம், சீனரின் சாவீடு, கிழவர்களின் சதுரங்கம் எல்லாம் அங்கேதான் நடக்கும். ஆனால் அங்கே நினைத்தபடி கடை போட ஏலாது. கல்யாணத்துக்கும் அனுமதி எடுக்க வேண்டும், பந்தடிக்கக் கூடாது என்று பலகை தொங்கும். அந்த வெறுமைக்குள் தப்பிப் பிழைத்தது ஒரு மூலையில் இருந்த சின்னப் பலசரக்குக் கடை. அதை எல்லா இனத்தாரும் 'மாமா ஷொப்' என்றார்கள். மாமா எங்கட மாமாதான். பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்திய கடை.

இதே காலத்தில் தெரு வியாபாரிகளை அரசு பதிவு செய்து, உணவங்காடி நிலையங்கள் கட்டி, கட்டம் கட்டமாக உள்ளே கொண்டுபோனது. 1986 அளவில் அந்த வேலை ஏறக்குறைய முடிந்தது. தண்ணீர், கழிவுக்கான், கூரை எல்லாம் கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். கழிவுத் தண்ணி ஆற்றில் விழுந்த காலத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை. மார்க்கெட் வீதிக் கிட்டங்கிகளும் 1970களின் கடைசியில் இடிபட்டன. இன்று அந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து நோகும் அளவுக்குக் கோபுரங்கள்.

அதற்குப் பிறகு வந்த திருப்பத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத நினைத்தோம். தெருக்கள் துப்புரவானதும், அவை செத்துப்போய்க் கிடக்கின்றன என்று திட்டமிடுகிறவர்களுக்கே தெரியவந்தது. 1989 ஜூலையில் சைனாடவுன், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா ஆகியன பாதுகாப்புப் பகுதிகளாக அரச வர்த்தமானியில் வந்தன. இடிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த கடைவீடுகளுக்கு வர்ணம் பூசப்பட்டது. பாதுகாப்புப் பகுதிகளின் முக்கிய தெருக்களில் கீழ்த்தளம் கடையாகவோ உணவகமாகவோ இருக்க வேண்டும், கந்தோர் வேண்டுமென்றால் மேல்மாடிக்குப் போகட்டும் என்ற மாதிரி விதிகள் வந்தன. நகரின் மையப் பகுதியிலும் இதே போக்குத்தான். இன்றைய நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டல்களில், குறித்த வீதிகளைப் பார்த்த கீழ்த்தளத்துக்கு 'நடமாட்டத்தை உண்டாக்கும் பயன்பாடு' கட்டாயம். வெறும் சுவரையோ வாகனத் தரிப்பிடத்தையோ தெருவுக்குக் காட்டக்கூடாது. கூரை போட்ட நடைபாதையும் இன்றும் கேட்கப்படுகிறது. அதன் பரப்பை மொத்தத் தளப்பரப்பில் சேர்க்காமல் விடும் சலுகைகூட இருக்கிறது. 1822இன் பேரம் அப்படியே.

ஆக, முதலில் கீழ்த்தளத்தின் முன்னால் நடமாட்டம் கூடிப்போச்சு என்று ஆளைக் கிளப்பினார்கள். நூறு வருசத்துக்குப் பிறகு நடமாட்டம் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஆனால் கிளப்பப்பட்ட ஆளுக்கு இந்தப் புதுச் சட்டத்தில் இடமில்லை. சட்டம் கேட்பது வாடகை கட்டக்கூடிய நடமாட்டம். கோப்பிக்கடை நடமாட்டம், தூணடியில் இருந்து முடிவெட்டுகிற நடமாட்டமல்ல. தெரு உணவை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்த அந்த உணவங்காடிப் பண்பாடு 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பெருமைப்பட வேண்டிய விசயந்தான். பட்டியலில் ஏறியது உணவு, விறாந்தையல்ல.

லிட்டில் இந்தியாவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஞாயிற்றுக்கிழமை அங்கே விறாந்தையில் நின்று கதைக்கிறவர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் போன தொழிலாளர்கள். அவர்களுக்கு அந்த நகரத்தில் வேறு விறாந்தை இல்லை. தூரத்துத் தொழிலாளர் விடுதிகளிலிருந்து கிழமைக்கு ஒருநாள் வந்து சாமான் வாங்கி, காசு அனுப்பி, ஊர்க்கதை கதைத்துவிட்டுப் போகிறார்கள். 2013 டிசெம்பர் 8, ஒரு ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் வீதியில் பஸ் மோதித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். கலவரம் வெடித்தது. வாகனங்கள் எரிந்தன. அதற்குப் பிறகு 2015இல் வந்த சட்டம், நாடு முழுக்க இரவு பத்தரைக்குப் பிறகு பொது இடத்தில் மது அருந்துவதைத் தடுத்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் இன்னும் இறுக்கமான வலயங்களாகின. 'நடமாட்டம்' என்று விதி எழுதும்போது இவர்களுடைய நடமாட்டத்தையும் நினைத்துத்தான் எழுதினார்களா என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். அந்த இடத்திலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் றோவெல் வீதி வரும். ஓம், விறாந்தை துப்புரவாக்கிய அதே டொக்ரர் றோவெலின் பெயர்தான். சுற்றியுள்ள தெருக்களின் விறாந்தைகளில் இப்போதும் மரக்கறிப் பெட்டியும் பூமாலையும் வெளியே வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எங்கட நாட்டுக்கு வந்தால், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபை 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. புறக்கோட்டை வியாபாரிகள் பெஸ்ரியன் மாவத்தையிலிருந்து கிளப்பப்பட்டு, 2014இல் திறந்த மிதக்கும் சந்தைக்குள் போனார்கள். தண்ணிக்கு மேல கட்டின வடிவான கடைகள். சனம் பஸ்ஸுக்கு நடக்கிற வழியில் அவை இல்லை என்பதுதான் சிக்கல். சிங்கப்பூர் ஆக்குகிறோம் என்று சொன்னவர்கள் எந்த வருசத்துச் சிங்கப்பூரைச் சொன்னார்கள்? 1888ஐயா, 1986ஐயா, இல்லை கீழ்த்தளத்தில் நடமாட்டம் கட்டாயம் என்று சொல்லுகிற இன்றையதையா?

போன கிழமை அந்தப் பிளாஸ்ரிக் கடைப் பக்கம் திரும்பப் போனோம். நடைபாதையில் புதுசாக ஒரு மஞ்சள் கோடு கீறியிருந்தார்கள். வாளிகள் கோட்டுக்கு உள்ளே ஒழுங்காக நின்றன, கதிரைகள் கோட்டைக் கொஞ்சம் தாண்டி. வெயில் கொழுத்தியது. கோட்டுக்கு வெளியே, ஆனால் அவருடைய கூரையின் நிழலுக்குள்ளே, ஒரு அம்மா பனங்கிழங்குக் கட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். "இவ ஆர் அண்ணை?" என்று கேட்டோம். "தெரியாது, மூண்டு மாசமா வாறா" என்றார். வாடகை வாங்குகிறாரா என்று கேட்க எங்கட வாய்க்காரிக்கே துணிவு வரவில்லை. இரண்டு கட்டுக் கிழங்கு வாங்கிக்கொண்டு வந்தோம்.